லண்டன் ஏங்குவதை பிரேசிலியா கழற்றப் பார்க்கிறது: தேர்தல் சீர்திருத்தம், ஓர் இழை

2 ஆகஸ்ட் 2025, காலை

ஒரு கல்லூரித் தம்பியின் கேள்வி இது, அப்படியே போடுகிறேன்: "அண்ணா, தேர்தல் சீர்திருத்தம் பற்றிக் கட்டுரை எழுதறேன். ஆங்கிலத்துல எலக்டோரல் ரிஃபார்ம், போர்ச்சுகீசுல ரெஃபோர்மா எலெய்டொரால். ரெண்டும் ஒண்ணுதானே? பிரிட்டன்ல விகிதாச்சாரம் வேணும்னு கேக்கறாங்க, பிரேசில்லயும் அதைத்தான் கேப்பாங்கன்னு எழுதிடலாமா?"

எழுதிவிடாதே தம்பி. பிரேசிலில் விகிதாச்சாரம், அதாவது வாங்கிய ஓட்டுக்கு ஏற்பக் கட்சிகளுக்கு இடம், எப்போதோ வந்துவிட்டது. அங்கே பாதிப் பேர் அதைக் கழற்றத்தான் வழி தேடுகிறார்கள். சாயங்காலம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2 ஆகஸ்ட் 2025, இரவு

முதலில் பிரிட்டன், நான் இப்போது இருக்கிற ஊர். இங்கே தேர்தல் சீர்திருத்தம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் பத்துக்கு ஒன்பது முறை அவர் சொல்வது ஒரே விஷயம்: தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற இந்த முறையை ஒழித்து, கட்சிகளுக்கு வாங்கிய ஓட்டின் விகிதத்தில் இடம் கொடு. எலக்டோரல் ரிஃபார்ம் சொசைட்டி என்று ஓர் அமைப்பு இதற்காகவே 1884-இலிருந்து இருக்கிறது. அது தொடங்கியபோது பெயரே விகிதாச்சாரப் பிரதிநிதித்துவச் சங்கம்தான். ஆக, இங்கே அந்தச் சொல் ஒரு தரப்பின் கோரிக்கைக்குப் பெயராகவே ஆகிவிட்டது, அதுவும் நூற்று நாற்பது வருடமாக நிறைவேறாத கோரிக்கைக்கு.

ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு 2024 தேர்தல் ஒன்றே போதும். லேபர் கட்சி வாங்கியது 33.7 சதவீதம், 650 இடத்தில் 411. ரிஃபார்ம் யுகே என்ற கட்சி (பெயரிலேயே சீர்திருத்தம்!) 14.3 சதவீதம், 41 லட்சம் ஓட்டு, கிடைத்தது 5 இடம். அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. ஓட்டு பரவலாக விழுந்தால் நாசம், நாலு இடத்தில் குவிந்தால் ராஜா. 2015-இல் யுகிப் கட்சிக்கு 38 லட்சம் ஓட்டு விழுந்து ஒரே ஓர் உறுப்பினர் போனார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், 2014-இல் திமுக இருபத்து மூன்று சதவீதத்துக்கு மேல் வாங்கி மக்களவையில் ஓர் இடம்கூட இல்லாமல் நின்றதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோருக்கும் இந்தச் சீர்திருத்தம் இனிக்கும். 2022 லேபர் மாநாடு விகிதாச்சாரத்துக்கு ஆதரவாகத் தீர்மானமே போட்டது. 411 இடம் வந்த பிறகு அந்தத் தீர்மானத்தை யாரும் தூசி தட்டவில்லை. கனடாவில் ட்ரூடோ 2015 தேர்தல்தான் இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார், 2017 பிப்ரவரியில் கைவிட்டார். ஏணியில் ஏறியவன் ஏணியை மாற்ற மாட்டான்.

மக்களிடம் நேரடியாகக் கேட்டதும் உண்டு, 2011 மே 5. ஆனால் கேட்டது விகிதாச்சாரம் வேண்டுமா என்றல்ல, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் ஒரு நடுவாந்தர முறை வேண்டுமா என்று. 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள், வந்தவர்களில் 67.9 சதவீதம் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு 'மக்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்' என்பது எதிர்ப்பாளர்களின் மனப்பாடப் பதில்.

பிரேசிலுக்கு நாளை வருகிறேன். தூக்கம்.

3 ஆகஸ்ட் 2025

வேலை விஷயமாக நான் சாவ் பாவ்லோவில் கொஞ்ச காலம் இருந்தேன், 2022 அக்டோபர் தேர்தலின்போது அங்கேதான். எனக்கு ஓட்டு கிடையாது. கூட வேலை பார்த்த ஒரு பெண்மணி, "சும்மா வாங்க, வேடிக்கை பார்க்கலாம்" என்று அவர் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் வரை கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கு முன்னால் நடைபாதை முழுக்கத் துண்டுச் சீட்டு, கணுக்கால் வரை என்றால் மிகை, ஆனால் தரை தெரியவில்லை. வேட்பாளர் சிரிக்கிற படமும் அவருடைய எண்ணும் அச்சடித்த சீட்டு. சாந்தினியோ என்பார்கள், சின்னச் சாமி படம் என்று அர்த்தம், தேவாலயத்தில் கொடுக்கும் புனிதர் படம் அந்த அளவில்தான் இருக்கும். முந்தின ராத்திரி வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்களாம். சட்டப்படி குற்றம், ஆனாலும் கொட்டுவார்கள். முன்னால் போன ஒரு பாட்டி அதில் வழுக்கி, பேத்தியின் தோளைப் பிடித்து நின்றார்.

உள்ளே இயந்திரத்தில் நம் ஊர் மாதிரி சின்னம் கிடையாது. தொலைபேசி மாதிரி எண் பலகை. கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினருக்கு 4 இலக்கம், மாநில உறுப்பினருக்கு 5, செனட்டருக்கு 3, ஆளுநருக்கு 2, அதிபருக்கு 2. எண்ணை அழுத்தினால் படம் வரும், பச்சைப் பொத்தானை அழுத்தினால் உறுதி. பதினாறு இலக்கம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் எல்லோர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம், அதற்குப் பெயர் கோலா, பரீட்சையில் அடிக்கிற பிட்டுக்கும் அதே பெயர். தேர்தல் நீதிமன்றமே 'பிட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று விளம்பரம் செய்யும் நாடு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிரேசிலில் கீழவைக்கு 513 பேர். ஒவ்வொரு மாநிலமும் ஒரே தொகுதி, குறைந்தது 8 இடம், அதிகபட்சம் 70. சாவ் பாவ்லோவுக்கு 70. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள், நீங்கள் அதில் ஒருவருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள். அந்த ஓட்டு முதலில் அவருடைய கட்சிக் கணக்கில் விழும் (எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கட்சியின் எண்). கட்சிக்கு எத்தனை இடம் என்று பிரித்த பிறகு, கட்சிக்குள் யார் அதிகம் வாங்கினார்களோ அவர்கள் போவார்கள். திறந்த பட்டியல் என்பது இதுதான். காகிதத்தில் அழகு. பிரிட்டிஷ் சீர்திருத்தக்காரர்களிடம் காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

நடந்தது என்ன? 2002-இல் எனேயஸ் கார்னெய்ரோ என்ற மருத்துவர், கரிய தாடி, மொட்டைத் தலை, டிவியில் சில விநாடிகளில் கத்திப் பேசி "என் பெயர் எனேயஸ்!" என்று முடிப்பவர், சாவ் பாவ்லோவில் 15 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். ஓர் இடத்துக்குத் தேவை சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம். மிச்ச ஓட்டு அவருடைய குட்டிக் கட்சிக்குப் போனது, கூடவே ஐந்து பேர் உள்ளே போனார்கள். அதில் ஒருவர் வாங்கியது 275 ஓட்டு. ஆயிரம் இல்லை, லட்சம் இல்லை, இருநூற்று எழுபத்தைந்து. அதே மாநிலத்தில் லட்சம் தாண்டி வாங்கியும் தோற்றவர் உண்டு.

2010-இல் டிரிரிக்கா. தொழில்முறைக் கோமாளி. எம்.பி. என்ன செய்வார் என்று எனக்கும் தெரியாது, அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று பிரச்சாரம் செய்தார், இதைவிட மோசமாகாது என்பது அவருடைய கோஷம். 13 லட்சத்து 50 ஆயிரம் ஓட்டுக்கு மேல். அப்போது விகிதாச்சாரத் தேர்தலிலும் கூட்டணி வைக்கலாம், ஓட்டு எல்லாம் ஒரே உண்டியலில். ஆக, கோமாளிக்குக் குத்திய ஓட்டு ஒரு போலீஸ் அதிகாரியை உள்ளே கொண்டு போனது, அவர் நின்றதோ கம்யூனிஸ்ட் கட்சியில். எந்த வாக்காளர் இதை மனதில் வைத்துப் பொத்தானை அழுத்தியிருப்பார்?

பிரேசிலில் ரெஃபோர்மா எலெய்டொரால் என்ற பேச்சு இந்த 275-இலிருந்து கிளம்புகிறது. லண்டனில் கிளம்புவது 41 லட்சத்துக்கு 5 இடம் என்பதிலிருந்து. ஒருவர் பசியில் டாக்டரிடம் போகிறார், இன்னொருவர் அஜீரணத்தில்.

5 ஆகஸ்ட் 2025

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "இதென்ன புதுசு, எங்கட விருப்பு வாக்குத்தானே" என்கிறார். உண்மைதான், கிட்டத்தட்ட அதுவேதான். இலங்கையில் 1978 அரசியலமைப்போடு வந்த மாவட்ட விகிதாச்சாரம், கட்சிக்கு ஒரு புள்ளடி (பெருக்கல் குறி), அதற்குள் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. பிரேசிலில் மூன்று இல்லை, ஒன்றே ஒன்று. வரும் வியாதி ஒன்றே: எதிர்க்கட்சிக்காரனைவிட சொந்தக் கட்சிக்காரன் பெரிய எதிரி. போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவது, ஒரே கட்சி ஆட்களுக்குள் அடிதடி. இலங்கை உள்ளாட்சியில் கலப்பு முறை (கொஞ்சம் பேர் தொகுதியிலிருந்து, கொஞ்சம் பேர் கட்சிப் பட்டியலிலிருந்து) கொண்டுவந்து 2018-இல் தேர்தல் நடத்தியபோது உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகி எட்டாயிரத்தைத் தாண்டியது. நண்பர் இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

9 ஆகஸ்ட் 2025

தம்பி கேட்கிறான், "அப்ப பிரேசில் ஏன் மாத்தல?"

மாற்றுகிறார்கள், ஓயாமல் மாற்றுகிறார்கள். பிரிட்டனோடு பெரிய வித்தியாசமே இதுதான். பிரேசில் அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு, தேர்தல் நடைமுறையை மாற்றும் சட்டம் எதுவும் அடுத்த ஓராண்டுக்குள் நடக்கும் தேர்தலுக்குச் செல்லாது என்கிறது. தேர்தல் இரட்டைப்படை ஆண்டின் அக்டோபரில். ஆக, ஒற்றைப்படை ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் தலைநகர் பிரேசிலியாவில் சீர்திருத்த சீசன். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெரு மாதிரி, எல்லோரும் ஓடி ஓடி ஏதோ ஒன்றை அள்ளிக்கொண்டு வருவார்கள். இந்த ஓராண்டு விதி வெறும் எழுத்தில் இல்லை. குற்றத் தீர்ப்பு பெற்றவர்களை நிற்க விடாத 'சுத்தமான பதிவேடு' சட்டம் 13 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மக்களே கொண்டுவந்தது, 2010 ஜூனில் சட்டமானது, அந்த ஆண்டுத் தேர்தலிலேயே பலரை மறுத்தார்கள். அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-5 என்று, ஓராண்டு ஆகவில்லை, 2010-க்குச் செல்லாது என்று சொல்லிவிட்டது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிலர் திரும்பி வந்து பதவியேற்றார்கள்.

சீசனில் திரும்பத் திரும்பக் கடைக்கு வரும் சரக்கு ஒன்று உண்டு: டிஸ்ட்ரிட்டாவ். அதாவது, கட்சிக் கணக்கே வேண்டாம், மாநிலத்தில் அதிக ஓட்டு வாங்கிய 70 பேர் 70 இடம் எடுத்துக்கொள்ளட்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! 275 ஓட்டு ஆசாமி போக மாட்டார். ஆனால் பதவியில் இருப்பவர், டிவி முகம், பணக்காரர் மட்டும்தான் ஜெயிப்பார்கள், கட்சி என்பது பெயர்ப் பலகையாகிவிடும். 2015 மேயில் 267-210 என்று தோற்றது, 2017-இல் மறுபடி தோற்றது, 2021-இல் மறுபடியும். இதை எதிர்த்தவர்களில் பலருக்குப் பிடித்தது ஜெர்மனி மாதிரிக் கலப்பு முறை, பாதி தொகுதிக்கு ஒருவர், பாதி கட்சிப் பட்டியல். வேறு சிலர் முழுக்கவே தொகுதிக்கு ஒருவர் என்று கேட்டார்கள், அதாவது லண்டன்காரன் குப்பையில் போடத் துடிக்கிற அதே முறை. "எனக்கென்று ஒரு எம்.பி., பெயர் தெரிந்த ஆள், திட்டுவதற்கு ஒரு முகவரி" என்பது அவர்கள் வாதம். சாவ் பாவ்லோ தோழியிடம் நான் கேட்டேன், நான்கு வருடத்துக்கு முன் நீங்கள் ஓட்டுப் போட்ட எம்.பி. யார் என்று. சிரித்துவிட்டு, எண் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். அவர் சொன்னது எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைத்தான்.

9 ஆகஸ்ட் 2025, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்தால் எல்லாம் தோல்விக் கதை மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. உருப்படியாக நடந்தது 2017 திருத்தம், யாரும் அதற்காகத் தெருவில் இறங்கவில்லை. இரண்டே விஷயம். ஒன்று, விகிதாச்சாரத் தேர்தலில் கட்சிகள் சேர்ந்து உண்டியல் வைப்பது 2020-இலிருந்து கிடையாது. இரண்டு, தடை வரம்பு, அதாவது ஒரு கட்சி நாடு முழுக்க வாங்க வேண்டிய குறைந்தபட்ச ஓட்டு: 2018-இல் 1.5 சதவீதம், 2022-இல் 2, 2026-இல் 2.5, 2030-இல் 3. இதில் சாமர்த்தியம் என்னவென்றால், வரம்பைத் தாண்டாத கட்சிக்கு இடம் பறிபோகாது, அரசு கொடுக்கும் பணமும் இலவச டிவி நேரமும் போகும். முன்பு 5 சதவீத வரம்பு வைத்த சட்டத்தை 2006-இல் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது, இந்த முறை அரசியலமைப்பையே திருத்தி, படிப்படியாக ஏற்றினார்கள். 2018-இல் கீழவைக்குள் 30 கட்சி. 2022-இல் 23. இன்னும் சந்தைக்கடைதான், ஆனாலும் கொஞ்சம் நடக்க இடம் கிடைத்திருக்கிறது.

இதற்கு முன்னாலேயே 2015-இல் ஒரு சின்னத் திருத்தம்: ஓர் இடத்துக்குத் தேவையான ஓட்டில் பத்தில் ஒரு பங்காவது சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும். இன்று 275 வாங்கியவர் அப்படி உள்ளே போக முடியாது.

எனக்கு இப்போது தோன்றுவது, முறையையே மாற்றுவோம் என்று மார்தட்டியவர்கள் மூன்று முறை மண்ணைக் கவ்வினார்கள், ஆணியை மட்டும் மாற்றியவர்கள் நினைத்ததைச் செய்தார்கள். பிரிட்டனில் ஆணியை மாற்றும் பேச்சே எடுபடுவதில்லை, கதவையே மாற்று என்கிறார்கள். பிரிட்டனில் வீணாகிற ஓட்டுக்குக் கதவைத்தான் மாற்ற வேண்டும் என்பதும் உண்மை, அங்கே ஆணி வேலைக்கு ஆகாது. இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

10 ஆகஸ்ட் 2025

இன்று தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 2021, இதே ஆகஸ்ட் 10. இயந்திரத்தில் போட்ட ஓட்டைக் காகிதத்திலும் அச்சிட வேண்டும் என்ற திருத்தம் அன்று ஓட்டெடுப்புக்கு வந்தது. அப்போதைய அதிபர் போல்சனாரோவின் ஆட்களுக்குச் சீர்திருத்தம் என்றால் அப்போது அது மட்டும்தான். அன்று காலை அதிபர் மாளிகை முன்னால் ராணுவ வண்டிகள் ஊர்வலம், அதில் ஒரு கவச வண்டி கரும்புகை கக்கிக்கொண்டே போனது. ஊரே சிரித்தது, அந்தப் புகையை வைத்து வந்த மீம்களுக்குக் கணக்கே இல்லை. ஓட்டெடுப்பு: ஆதரவு 229, எதிர்ப்பு 218. ஜெயித்தது போல இருக்கிறதல்லவா? தேவை 308. தோற்றது.

பிரிட்டனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் இயந்திரமே கிடையாது. கயிற்றில் கட்டிய பென்சில், காகிதம், பெருக்கல் குறி. இங்கே வந்து முதல்முறை ஓட்டுப் போட்டபோது (இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு இங்கே குடியிருக்க அனுமதி இருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு உண்டு, காமன்வெல்த் புண்ணியம்) மை வைப்பார்கள் என்று அனிச்சையாக விரலை நீட்டினேன். வாக்குச்சாவடியில் சீட்டுக் கொடுத்த அம்மா என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

17 ஆகஸ்ட் 2025

வரலாறு பக்கம் கொஞ்சம். சீர்திருத்தம் என்றாலே முன்னேற்றம் என்று தம்பி தலைப்பு வைத்திருக்கிறான். இங்கிலாந்துக்கு ஓரளவு பொருந்தும். 1832-க்கு முன்னால் ஓல்டு சாரம் என்ற ஆளில்லாத மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. அதை ஒழித்தார்கள், 1867, 1884 என்று படிப்படியாக ஓட்டுரிமை விரிந்தது, 1872-இல் ரகசிய வாக்கு, 1918-இல் முப்பது வயது தாண்டிய பெண்களில் பெரும்பாலோர், 1928-இல் ஆணும் பெண்ணும் சமம். ஓட்டுரிமைக்காகப் போராடிய தொழிலாளர் இயக்கத்தாரான சார்ட்டிஸ்டுகள் 1838-இல் கேட்ட ஆறு கோரிக்கையில் ஐந்து நிறைவேறிவிட்டது. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஆறாவது மட்டும் இல்லை, அது நல்லதற்குத்தான்.

பிரேசிலில் 1881. பேரரசர் இரண்டாம் பெத்ரோ காலம். சராய்வா சட்டம், வரைவு ரூயி பார்போசா. பெயர் தேர்தல் சீர்திருத்தம்தான். அதுவரை இரண்டு கட்டமாக இருந்த தேர்தலை நேரடித் தேர்தலாக்கியது, வாக்காளர் அட்டை கொண்டுவந்தது, முறைகேட்டைத் தடுக்கிறோம் என்றது. கூடவே, எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், வருமானத்துக்குக் கறாரான ஆதாரம் வேண்டும் என்றது. 1872-இல் பத்து லட்சத்துக்கு மேல் இருந்த வாக்காளர் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குள் சுருங்கியது, மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒரு சதவீதம். லண்டனில் பிரதமர் கிளாட்ஸ்டன் மூன்றாவது சீர்திருத்தச் சட்டத்தில் கிராமத் தொழிலாளிக்கு ஓட்டுக் கொடுத்தது இதற்கு மூன்றே வருடம் கழித்து. எழுத்தறியாதவர்களுக்கு பிரேசிலில் ஓட்டுத் திரும்பி வந்தது 1985-இல். அடிமைமுறை ஒழிவதற்கு ஏழு வருடம் முன்பு வைத்த பூட்டு, கறுப்பின மக்களுக்குத்தான் அதிகம் வலித்தது, நூறு வருடத்துக்கு மேல் தொங்கியது.

தலைப்பை மாற்று தம்பி.

18 ஆகஸ்ட் 2025

"பிரிட்டனில் பின்னால் போனதே இல்லையா" என்று ஒருவர். போனதுண்டு, சமீபத்தில்கூட. லண்டன் மேயருக்கு 2021-இல் நான் ஓட்டுப் போட்டபோது சீட்டில் இரண்டு பத்தி, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம். 2024-இல் போனால் ஒரே பத்தி. 2022 தேர்தல் சட்டம் அதை எடுத்துவிட்டது. அதே சட்டம்தான் அடையாள அட்டையையும் கட்டாயமாக்கியது. இப்போதைய அரசு இரண்டு விருப்பத்தைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்கிறது, 16 வயதுக்கு ஓட்டு என்றும் போன மாதம் அறிவித்தது. அதற்கு இங்கே பத்திரிகைகளில் ஒரே கூச்சல், குழந்தைகள் கையில் நாட்டைக் கொடுப்பதா என்று. பிரேசிலில் 16, 17 வயதுக்காரர்கள் விரும்பினால் ஓட்டுப் போடலாம் என்று 1988 அரசியலமைப்பிலேயே இருக்கிறது, 2022-இல் இருபது லட்சத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள். வானம் விழவில்லை.

30 ஆகஸ்ட் 2025

போர்ச்சுகீசு என்று கேட்டுவிட்டு போர்ச்சுகலையே விட்டுவிட்டோம்.

அங்கே கதை வேறு. 230 உறுப்பினர், 22 தொகுதி, பட்டியல் மூடியது, அதாவது கட்சி போட்ட வரிசையை வாக்காளர் தொட முடியாது. 275 ஓட்டுக் கோமாளித்தனம் கிடையாது. அங்கே புகார், எம்.பி.க்குக் கட்சித் தலைவரைத் தெரியும், வாக்காளரைத் தெரியாது என்பது. 1997-இல் அரசியலமைப்பைத் திருத்தி தனி உறுப்பினர் தொகுதிகள் வைக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். 1998-இல் ஒரு முயற்சி நடந்து விழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், இரண்டு பெரிய கட்சியும் சேராமல் முடியாது. கதவு திறந்தே கிடக்கிறது, இருபத்தெட்டு வருடமாக யாரும் உள்ளே போகவில்லை.

சின்னக் கட்சிகள் கேட்பது வேறு. லிஸ்பனில் 48 இடம், போர்ட்டலெக்ரெயில் 2. போர்ட்டலெக்ரெயில் மூன்றாவதாக வரும் கட்சிக்குப் போட்ட ஓட்டு காற்றோடு போச்சு. விகிதாச்சார நாட்டுக்குள்ளேயே ஒரு குட்டி பிரிட்டன்! அதனால் நாடு முழுக்க வீணான ஓட்டைச் சேர்த்து சில இடம் ஒதுக்கு என்கிறார்கள். அசோர்ஸ் தீவுகளின் பிராந்திய சட்டமன்றத்தில் அப்படி 5 இடம் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கோ சீர்திருத்தம் என்றால் தபால் உறை. இங்கே சுவிண்டன் பக்கம் போர்ச்சுகல் குடியுரிமை எடுத்த கோவாக்காரர்கள் நிறைய, அவர்களுக்கு வாக்குச் சீட்டு தபாலில் வரும், ஐரோப்பா என்ற தொகுதிக்கு 2 உறுப்பினர். 2022 ஜனவரியில் சீட்டோடு அடையாள அட்டை நகல் வைத்த உறையும் வைக்காத உறையும் கலந்துபோய், அந்தத் தொகுதியில் 1 லட்சத்து 57 ஆயிரம் ஓட்டைச் செல்லாது என்றார்கள், விழுந்ததில் எண்பது சதவீதம். அரசியலமைப்பு நீதிமன்றம் மறுதேர்தல் நடத்தச் சொன்னது, மார்ச்சில் நடந்தது. ரயிலில் பேச்சுக் கொடுத்த ஒரு கோவா பெரியவர் இரண்டாவது முறையும் நகல் எடுத்து அனுப்பியதாகச் சொன்னார், "ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத்தான் சீர்திருத்தம்" என்றார் இந்தியில்.

7 செப்டம்பர் 2025

இன்று பிரேசில் சுதந்திர தினம். நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான ஒரு பிரேசில் சண்டை இருக்கிறது, தொகுதி மறுவரையறைக்குச் சொந்தக்காரன். மாநிலங்களுக்கு இடப் பங்கீட்டை மக்கள்தொகைக்கு ஏற்பத் திருத்து, 2025 ஜூன் 30-க்குள் முடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 513-க்குள் பிரித்தால் ஏழு மாநிலம் இழக்கும், ரியோவுக்கு மட்டும் நான்கு போகும். நாடாளுமன்றம் என்ன செய்தது? யாருக்கும் குறைக்க மனசில்லை, எண்ணிக்கையை 531 ஆக்கி மசோதா நிறைவேற்றியது. அதிபர் லூலா ஜூலையில் தடுத்துவிட்டார். நாமோ 1971 மக்கள்தொகைக் கணக்கில் உறைய வைத்துவிட்டு இப்போது தெற்கு நடுங்குகிறோம். குறைக்கவும் முடியாது, கூட்டினால் செலவு, உறைய வைத்தால் அநியாயம். இதற்கு இரண்டு நாட்டிலும் யாரிடமும் பதில் இல்லை.

20 செப்டம்பர் 2025

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்ற புகார் நியாயமானது. 2015 செப்டம்பரில் பிரேசில் உச்ச நீதிமன்றம் கம்பெனிகள் கட்சிக்குப் பணம் தரக்கூடாது என்றது. காசு வற்றியது. 2017-இல் எம்.பி.க்கள் கூடி அரசுப் பணத்திலிருந்து தேர்தல் நிதி ஒன்று வைத்துக்கொண்டார்கள். 2018-இல் 170 கோடி ரெயால் (பிரேசில் பணம்), 2022-இல் 490 கோடி. இதற்கு மட்டும் மூன்று முறை தோற்கவில்லை பாருங்கள்.

இன்னொன்று, கட்சித் தாவலுக்கு அங்கே சட்டப்படியே ஒரு பருவம் உண்டு. தேர்தல் ஆண்டில் முப்பது நாள் ஜன்னல் திறக்கும், அந்த நாட்களில் தாவினால் பதவி போகாது. நம் ஊரில் ரிசார்ட்டில் அடைத்து வைக்கிறார்கள், அங்கே நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்கள். எது மானமுள்ள ஏற்பாடு என்று நீங்களே சொல்லுங்கள், எனக்கு பிரேசில்தான் தேவலை என்று படுகிறது.

6 அக்டோபர் 2025

2026 தேர்தல் அக்டோபர் 4. ஓராண்டு விதிப்படி முந்தாநாளோடு கெடு முடிந்தது. வாக்கு முறை அப்படியே இருக்கிறது, திறந்த பட்டியல், வரம்பு 2.5 சதவீதம். அடுத்த சீசன் 2027.

தம்பியின் கட்டுரை வந்தது, படித்தேன். பிரிட்டன் பகுதி நன்றாக இருக்கிறது. பிரேசில் பகுதியில் 'டிஸ்ட்ரிட்டாவ் விகிதாச்சாரத்தின் ஒரு வகை' என்று இருக்கிறதே, அதை அடித்துவிடு, அது நேர் எதிர். எனேயஸ் பெயருக்கு முன்னால் 'நகைச்சுவை நடிகர்' என்று போட்டிருக்கிறாய். அவர் இதய மருத்துவர், கோமாளி மற்றவர். அவருடைய ஆட்கள் பார்த்தால் உன்னைச் சும்மா விடமாட்டார்கள்.